பெட்டி இங்கேதான் இருக்கும்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மூர்த்தி பெட்டியை எடுத்துப்போக வந்தபோது ஃபெலிசியா அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார நாற்காலி இல்லாமல் இல்லை. சமையலறை மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள் சும்மா கிடந்தன. எழுந்தால் பெட்டி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி என்றால் நகைப்பெட்டி இல்லை. பத்துக் கிலோ அரிசிப் பையின் கனம், சாம்பல் நிறம், மடக்குக் கைப்பிடி. முகத்தில் பிளக் செருக மூன்று ஓட்டைகள், நடுவே எத்தனை விழுக்காடு மிச்சம் என்று காட்டும் சின்னத் திரை, உள்ளே முழுக்கப் பேட்டரி. வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போனால் காட்டு நடுவிலும் விளக்கு எரியும், விசிறி சுற்றும், சோறு வேகும்.

அது ‘ஜொகூர் சிகரச் சிங்கங்கள்’ என்ற மலையேறும் கிளப்பின் பெட்டி. அந்தச் சிங்கங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குத் தொப்பை. ஆனாலும் மாதம் ஒரு மலையை விடமாட்டார்கள். மூர்த்திதான் தலைவர். பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்மன் வேலை. அங்கே ஆட்களை அதட்டுகிற குரலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாதவர். ஃபெலிசியாவின் கணவன் கால்வினுக்குக் கிளப்பில் பவர் பொறுப்பு. பெயர்தான் பெரிது. பெட்டியைத் துடைத்து வைப்பது, சார்ஜ் போடுவது, மலைக்கு முதுகில் சுமப்பது, இவ்வளவுதான் அந்தப் பொறுப்பு.

இந்த வாரம் கிளப்புக்குப் பத்தாவது ஆண்டு. லேடாங் மலையடிவாரத்தில் கூடாரம், பிரியாணி, கேக், கரோக்கே என்று பெரிய ஏற்பாடு. பாதிச் சிங்கங்கள் முதல்நாளே போய்க் கூடாரம் அடித்துவிட்டன. மிச்சப் பேர் பெட்டியோடு போய்ச் சேர வேண்டும்.

“பசியாறிட்டீங்களா தங்கச்சி?” என்று மூர்த்தி மரியாதையாகத்தான் தொடங்கினார். அவருக்குப் பின்னால் தேன்மொழியும், பூட்ஸ் மாட்டிய இன்னும் மூன்று பேரும் சமையலறை வாசலில் நின்றார்கள். “கொஞ்சம் எழுந்திரிங்க. பெட்டியை வேன்ல ஏத்திட்டா நாங்க கிளம்பிடுவோம்.”

“பெட்டி வராது அண்ணே.”

“ஏன், கெட்டுப்போச்சா?”

“நல்லா இருக்கு. அதான் வராது.”

மூர்த்தி கால்வினைப் பார்த்தார். கால்வின் தரையைப் பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அடித்த மழையில் துணை மின்நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து, பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் இருக்கிற பக்கம் முழுக்கக் கரண்டு போனது. அரை மணியில் வரும் என்றார்கள், பிறகு ராத்திரி வரும் என்றார்கள், பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஃபெலிசியா அலமாரி அடியிலிருந்து பெட்டியை இழுத்து வந்து ஃப்ரிட்ஜின் பிளக்கை அதில் செருகினாள். ஒரு மணி நேரம் ஓடவிடுவாள், இரண்டு மணி நேரம் நிறுத்துவாள். நிறுத்தவும் போடவும் ஆள் வேண்டுமே. விடியவிடிய அவளே உட்கார்ந்திருந்தாள். திரை இப்போது அறுபத்தொன்று என்று காட்டியது.

ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் எண்பத்திரண்டு பாக்கெட் தாய்ப்பால் உறைந்து கிடந்தது.

அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம். தைராய்டில் வந்த கட்டி நல்ல கட்டி இல்லை என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் எரிக்க, வரும் திங்கட்கிழமை கதிர்வீச்சு மருந்து கொடுக்கப்போகிறார்கள். அதற்காக ஆபரேஷன் அன்றே தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். இப்போது அவளிடம் பால் இல்லை, வற்றிவிட்டது. முன்பே எடுத்து உறைய வைத்திருந்த பாலையும் கஞ்சியையும் வைத்துத்தான் இந்த ஏழு வாரமும் குழந்தைக்கு ஓட்டினார்கள். மருந்து சாப்பிட்ட பிறகு பதினான்கு நாள் குழந்தையைத் தொடக் கூடாது, பக்கத்தில் வரவும் கூடாது. செலினுக்கு எட்டு மாதம். மூன்று வகை டின் பால் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுக்கும் வாந்தி, முகமெல்லாம் சிவந்து தடித்தது. டாக்டர் நான்காவதாக ஒன்று எழுதித் தந்து, அம்மா திரும்பி வந்தபின் மெல்ல மெல்லப் பழக்குங்கள் என்றார். ஒரு நாளைக்கு ஐந்து பாக்கெட். பதினான்கு நாளுக்கு எழுபது. அதற்கு முந்திய சனி, ஞாயிறுக்கும் கணக்குப் பிசகுக்கும் பன்னிரண்டு கூடுதல். அந்த எண்பத்திரண்டை மிச்சம் பிடித்துக் காத்து வைத்திருந்தாள்.

முதல்நாள் சாயங்காலமே கால்வின் பாசிர் கூடாங்கில் இருக்கும் தன் சித்திக்குப் போன் போட்டுப் பார்த்தான். அங்கே கரண்டு இருந்தது. “எங்க ஃப்ரிட்ஜ்ல மீன் இருக்கே கால்வின். அது பக்கத்துல போய் இதை எப்படி வைக்கிறது? உடம்புலேர்ந்து வர்றதாச்சே,” என்றாள் சித்தி. மீன் என்ன மரத்திலா காய்க்கிறது? ஃபெலிசியா அதைக் கேட்க வாயெடுத்தாள், கால்வின் போனை வைத்துவிட்டான்.

“மூர்த்தி அண்ணே, மேல...” என்று கால்வின் இப்போது ஃப்ரிட்ஜைக் காட்டி இழுத்தான். “பாப்பாவோட சாமான் இருக்கு.”

“என்ன சாமான்?”

“பால்,” என்றாள் ஃபெலிசியா. “என் பால். எண்பத்திரண்டு பாக்கெட்.”

மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் தங்கள் பூட்ஸ் கயிறுகளைச் சரிபார்த்தார்கள். மூர்த்தி தொண்டையைச் செருமினார்.

“ஓ, அதுவா. இதுக்கா இவ்வளவு? வழியில நான் ரெண்டு டின் சூசு வாங்கிக் கொடுக்கறேன், நல்ல பிராண்டா பார்த்து. எங்க பிள்ளைங்க எல்லாம் டின் பால்ல வளர்ந்தவங்கதான், கெட்டா போயிட்டாங்க?”

டின் பால் குடித்தால் செலினுக்கு என்ன ஆகும் என்று ஃபெலிசியா சொன்னாள். திங்கட்கிழமை மருந்தைச் சொன்னாள், பதினான்கு நாளைச் சொன்னாள். கூடாரத்தில் இருக்கிறவர்கள் ஒருநாள் கரோக்கே இல்லாமல் இருந்தால் சாகமாட்டார்கள் என்றும் சொன்னாள். கடைசியில் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் இல்லை.

“நீங்க சொல்றது எனக்கு விளங்குது தங்கச்சி,” என்றார் மூர்த்தி, ஒன்றும் விளங்காதவர்களுக்கே உரிய பொறுமையோடு. “ஆனா இது பொதுச் சாமான். இன்னைக்கு நீங்க ஃப்ரிட்ஜுக்குன்னு எடுப்பீங்க, நாளைக்கு இன்னொருத்தர் ஏர்கோனுக்குன்னு எடுப்பார். பதினோரு மணிக்குக் கரண்டு வந்துரும்னு பேசிக்கறாங்க. அதுவரைக்கும் இருக்கோம். வந்ததும் எடுத்துக்கறோம். சரிதானே?”

அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. ஃபெலிசியா தலையாட்டினாள்.

இந்த இடத்தில்தான் மாமியார் இன்பராணி உள்ளே வந்தாள். இன்பராணியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நல்ல மனுஷி. ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் பார்த்தவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடுவாள். வந்தவர்களுக்குத் தண்ணி கலக்காமல், அதாவது தேத்தண்ணியோ மைலோவோ கலக்கிக் கையில் கொடுக்காமல், அனுப்பினால் அவளுக்கு அன்று தூக்கம் வராது. அவளுக்கு இருக்கும் ஒரே நோய் அதுதான்.

“ஏன் எல்லாரும் நிக்கிறீங்க? ஹால்ல உட்காருங்க, உட்காருங்க,” என்று விருந்தாளிகளைக் கூட்டிப் போனாள் இன்பராணி. கால்வின் ஐஸ் வாங்கி வருவதாகச் சொல்லி மோட்டார் எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையங்களைத் தேடிப் போனான். மாடியில் செலின் அழுதாள்.

ஃபெலிசியா பெட்டியை விட்டு எழுந்தாள். “மாமி, இதை யாரும் தொடாம பார்த்துக்கங்க. ஃப்ரிட்ஜைத் தவிர வேற எதையும் சொருகக் கூடாது.”

“நான் இருக்கேன்ல, நீ போம்மா,” என்றாள் இன்பராணி.

மாடியில் செலினுக்குக் கஞ்சி ஊட்டி, உடை மாற்றி, தட்டித் தூங்க வைத்தாள். ராத்திரி முழுக்கக் கொட்டக்கொட்ட விழித்திருந்த உடம்பு அது. போதாததற்கு, திங்கட்கிழமை மருந்துக்காகத் தைராய்டு மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்கள். கை கால் எல்லாம் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. ஐந்து நிமிஷம் என்று கண்ணை மூடினாள்.

கீழே யாரோ பழைய காதல் பாட்டு ஒன்றை மைக்கில் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் விழித்தாள். மணி பத்து ஐம்பது.

மைக் பாடுவதற்குக் கரண்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கியவளுக்குப் பாதிப் படியில் விடை கிடைத்தது. மிச்சப் படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஹாலில் பதினைந்து பேர் இருந்தார்கள். சிங்கங்கள் போக, எதிர் வீட்டுக்காரர்கள், பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கும் அம்மா, கோயில் பாடகர் குழுவிலிருந்து இருவர். எல்லார் கையிலும் தேத்தண்ணி. பெட்டி ஹாலுக்கே வந்துவிட்டிருந்தது. ஃப்ரிட்ஜுக்கு நீளமான ஒயர் ஒன்று போயிருந்ததென்னவோ உண்மைதான். அதோடு விசிறி ஒன்று, கரோக்கே ஸ்பீக்கர் ஒன்று, பன்னாடையாகப் பின்னிக்கிடந்த ஒயர்களின் முனையில் ஒன்பது போன்கள். எல்லாவற்றுக்கும் நடுவே, ராணி மாதிரி, மின்சாரக் கெண்டி. அது அப்போதுதான் மூன்றாவது முறை கொதித்து ‘டக்’கென்று நின்றது.

திரையில் பதினான்கு.

“மாமி!”

“வா வா, நீயும் ஒரு வாய் குடி,” என்றாள் இன்பராணி. “கரண்டு இல்லைன்னு எல்லாரும் தவிக்கிறாங்க பாவம். போன்தானே, அதுல என்ன பெருசா போயிடும்னு நான்தான் கூப்பிட்டேன்.”

“கெண்டியை ஏன் போட்டீங்க?”

“அடுப்புல குழம்பு கொதிக்குதே. வந்தவங்களுக்குத் தண்ணி கலக்க வேணாமா?”

ஒன்பது போன்கள் சேர்ந்து குடிப்பதை அந்தக் கெண்டி ஒரே கொதியில் குடித்துவிடும் என்பதை இன்பராணிக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. ஃபெலிசியாவும் சொல்லவில்லை. அந்த நினைப்புதான் அவளை அதிகமாகச் சுட்டது. சமையலறைக்கு ஓடினாள். விருந்தாளிகளுக்காக யாரோ ஐஸ் கட்டி எடுத்த பிறகு ஃப்ரிட்ஜின் மேல்கதவு ஒரு விரல் அளவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பாக்கெட் சரிந்து கதவை மூடவிடாமல் தடுத்திருந்தது. முன்வரிசையைத் தொட்டாள். மெத்தென்று இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது பாக்கெட்டுகள் இளகிவிட்டன. பின்னால் இருந்த எழுபத்து மூன்றும் இன்னும் கல்லாக இருந்தன. அவளுக்கு வேண்டியது எழுபது.

கதவை இறுக்கி மூடினாள். திரும்ப ஹாலுக்கு வந்து, யாரிடமும் கேட்காமல், கெண்டியைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரைப் பிடுங்கினாள், பாட்டு பாதி வரியில் செத்தது. விசிறியைப் பிடுங்கினாள். போன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“ஃபெலி, என்ன இது? வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி...” இன்பராணியின் முகம் வெளிறிவிட்டது. “என் வீட்டுல இப்படி ஒருத்தரையும் நான் அவமானப்படுத்தினது இல்ல.”

“இன்னைக்கு நான் படுத்தறேன் மாமி. மன்னிச்சுக்கங்க,” என்றாள் ஃபெலிசியா. “எல்லாரும் தண்ணியைக் குடிச்சிட்டு, போனை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.”

அந்த நேரம் பார்த்துக் கால்வின் இரண்டு பை ஐஸோடு வந்து சேர்ந்தான். பெட்ரோல் நிலையத்தில் பழுதுபார்க்கும் ஆட்களைப் பார்த்தானாம். பதினோரு மணிக் கதையெல்லாம் சும்மா. நாளை மத்தியானத்துக்கு முன்னால் வராது என்று அவர்களே சொன்னார்களாம்.

மூர்த்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப சரி. நாளை வரைக்கும் காத்திருக்க முடியாது. பதினாலு விழுக்காடு உங்களுக்கு எந்த மூலைக்கு? நாங்க எடுத்துக்கறோம். அங்க போய் வெயில்ல பேனல் போட்டு ஏத்திக்குவோம்.”

ஃபெலிசியா நிமிர்ந்தாள். “பேனலா?”

மூர்த்தி சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது.

“வெயில்ல சார்ஜ் ஏத்துற பேனல் உங்ககிட்ட இருக்கா? எங்க?”

“வேன்ல. நேத்துதான் புதுசா வாங்கினோம்,” என்றாள் தேன்மொழி. அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. ஐம்பதை எட்டும் வயது, மாசாயில் ஒரு பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள், சிங்கங்களில் ஒரே பெண்சிங்கம். வேனும் அவளுடையதுதான்.

ஃபெலிசியா வெளியே நடந்தாள். வேனின் பின்கதவைத் திறந்தாள். மடித்து வைத்த பேனல் கூடாரத் துணிகளுக்கு அடியில் இருந்தது, ஒரு பெரிய புத்தகப்பை மாதிரி. அதை இழுத்தாள். மறுமுனையை மூர்த்தி பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, இது சரியில்ல. விடுங்க.”

“நீங்க விடுங்க.”

“தெருவுல எல்லாரும் பார்க்கறாங்க.”

பார்க்கத்தான் செய்தார்கள். கரண்டு இல்லாத சனிக்கிழமை. வேடிக்கை பார்க்க டிவி கூட இல்லை. தெரு முழுக்க வாசலில் நின்றது. மூர்த்தி குரலைத் தாழ்த்தினார். “அந்த விஷயத்தையெல்லாம் இப்படி நடுத்தெருவுல பேசறதா? பொம்பளைங்க விஷயம். வெட்கமா இல்லையா?”

அந்த வார்த்தையில் ஃபெலிசியாவுக்குள் எதுவோ அறுந்தது. அறுந்தபின் அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

“வெட்கமா? அண்ணே, நான் சிங்கப்பூர்ல வேலை பார்த்தவ. தினமும் ரெண்டு தடவை அட்டைப் பெட்டி அடுக்கி வச்ச ஸ்டோர்ல, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்னுக்கிட்டு இந்தப் பாலை எடுத்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சாயங்காலம் ஐஸ் பையில வச்சு, பஸ்ல நசுங்கி, எல்லைப் பாலத்துல ஒன்றரை மணி நேரம் நின்னு கொண்டாந்தேன். கஸ்டம்ஸ்ல பையைத் திறக்கச் சொல்லுவாங்க. இது என்னன்னு கேப்பாங்க. ‘சூசு சாயா, எஞ்சே. என் பால் சார்’னு சொன்னேன். பின்னாடி நூறு பேர் கியூவுல நிப்பாங்க. மலாய்ல சொன்னேன், இங்கிலீஷ்ல சொன்னேன், சீன ஆபீசர்கிட்ட கையைக் காட்டிச் சொன்னேன். அவங்க யாரும் என்னை வெட்கமா இல்லையான்னு கேக்கல. பையை மூடிக் கொடுத்துப் போகச் சொன்னாங்க. நீங்க என் வீட்டு வாசல்ல வந்து நின்னு என்னைக் கேக்கறீங்க!”

ஃபெலிசியா பேனலைத் தன் பக்கம் இன்னொரு இழுப்பு இழுத்தாள்.

“திங்கட்கிழமைக்கு மேல என் பிள்ளையை நான் தொட முடியாது. அழுதா தூக்க முடியாது. அவளுக்கு என்கிட்ட இருக்கறது அந்த எழுபத்து மூணு பாக்கெட் மட்டும்தான். இனிமே என்கிட்ட ஒரு சொட்டும் ஊறாது. அதை உருக விட்டுட்டு உங்களைப் பாட அனுப்பணுமா? முடியாது. பெட்டி இங்கதான் இருக்கும். போலீஸைக் கூப்பிடறதா இருந்தா கூப்பிடுங்க. வந்தா அவங்ககிட்டயும் சொல்றேன், சூசு சாயான்னு.”

மூர்த்தி பேனலைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் அவர் பார்வை தேன்மொழியைத் தேடியது, துணைக்கு.

“அண்ணே,” என்றாள் தேன்மொழி. “இந்தப் பெட்டியை நீங்க ஒரு தடவையாவது முதுகுல தூக்கியிருக்கீங்களா?”

“அது எதுக்கு இப்ப?”

“பெலுமுட் மலையில கால்வினுக்குக் கால் பிசகினப்ப உச்சி வரைக்கும் நான்தான் தூக்கினேன். நீங்க மைக்கைத் தூக்கிட்டு வந்தீங்க. பொதுச் சாமான்னு சொல்றீங்கல்ல, அப்ப தூக்கினவ நான் சொல்றேன், இது இங்க இருக்கட்டும். வேணும்னா எங்க கேண்டீன் கேஸ் அடுப்பை ஏத்திக்குவோம், சோறு வேகும். பாட்டு வேணும்னா வாயால பாடுவோம். அதுக்கும் பேட்டரி வேணுமா?”

மூன்று சிங்கங்களில் ஒன்று சிரித்துவிட்டது. மூர்த்தி பேனலை விட்டார். விட்டவர் கைகளை உதறி, “ரூல் ரூல்தான். குரூப்ல இதைப் பேசுவோம்,” என்று சொல்லிவிட்டு வேனில் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தேன்மொழி ஃபெலிசியாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வண்டியை எடுத்தாள்.

அன்று பகல் முழுக்க ஃபெலிசியா வெயிலோடு சண்டை போட்டாள். கால்வினின் கார்க் கூரைமேல் பேனலை விரித்தார்கள். அறுபத்தெட்டு வாட் ஏறியது. மேகம் வந்தால் பதினொன்றுக்கு விழுந்தது. அரை மணிக்கு ஒருமுறை சூரியன் நகர்ந்த பக்கம் பேனலைத் திருப்பினாள். “நீ உள்ள போ, நான் பார்த்துக்கறேன்,” என்றான் கால்வின்.

“காலையில மூர்த்தி அண்ணன்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே,” என்றாள் ஃபெலிசியா.

அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கார் பக்கத்திலேயே நின்றான், சாயங்காலம் வரைக்கும் நகரவில்லை.

இன்பராணி மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். குழம்பை இறக்கினாள், செலினைக் குளிப்பாட்டினாள், பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். இரண்டு மணிக்கு மேல் பக்கத்துத் தெரு டியூஷன் அம்மா மறுபடியும் போனோடு வந்தாள். “வாங்க, உட்காருங்க,” என்று பழக்கத்தில் கதவைத் திறந்துவிட்ட இன்பராணி, சட்டென்று நடுவாசலில் நின்றுகொண்டாள்.

“தண்ணி தர்றேன். அடுப்புல வச்சு. ஆனா சார்ஜ் கிடையாது.”

“அஞ்சு நிமிஷம்தான் இன்பராணி.”

“அஞ்சு நிமிஷமும் கிடையாது. என் பேத்திக்குப் பால் இருக்கு உள்ள.”

விருந்தாளி போன பிறகு இன்பராணி கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவரை வாசலோடு அனுப்பியிருக்கிறாள். ஃபெலிசியா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அந்தக் கெண்டி இவ்வளவு குடிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா,” என்றாள் இன்பராணி. “தெரிஞ்சிருந்தா அதை ஆத்துல போட்டிருப்பேன்.”

“நானும் சொல்லாம போய்த் தூங்கிட்டேன் மாமி. ரெண்டு பேர் மேலயும் தப்புதான்.”

இளகிய ஒன்பது பாக்கெட்டுகளையும் ஐஸ் பையில் புதைத்து வைத்தார்கள். ஒரு நாள் தாங்கும். அதற்குள் செலின் ஆறைக் குடித்தாள். மூன்றைக் கஞ்சியில் கலந்து ஊட்டினார்கள். ஒரு சொட்டையும் ஃபெலிசியா தொட்டியில் ஊற்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஒன்று இருபதுக்குக் கரண்டு வந்தது. தெருவே கைதட்டியது. ஃபெலிசியா மேல்தட்டைத் திறந்து எண்ணினாள். எழுபத்து மூன்று. ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தாள், ஒவ்வொன்றும் கல். அவள் ஃப்ரிட்ஜைச் சுவர்ப் பிளக்குக்கு மாற்றினாள். பெட்டியையும் சுவரில் செருகி மறுபடி நூறுக்கு ஏற்றினாள். அதைத் திருப்பி அலமாரி அடியில் வைக்கவில்லை.

சாயங்காலம் கிளப் குரூப்பில் படங்கள் வந்தன. கேக் வெட்டுகிற மூர்த்தி, கேஸ் அடுப்பில் பிரியாணிச் சட்டி, வாயைப் பிளந்து பாடும் சிங்கங்கள். அதற்குக் கீழே மூர்த்தியின் அறிவிப்பு: பவர் பொறுப்பிலிருந்து கால்வின் நீக்கப்படுகிறார், பெட்டியை உடனே ஒப்படைக்கவும்.

கால்வின் அதை மனைவியிடம் காட்டினான். பிறகு அவனே பதில் அடித்தான். அடித்து முடித்து, அனுப்புவதற்கு முன்னால், சத்தமாகப் படித்தான்: “பொறுப்பை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. மறுபடி மழை வரலாம். பெட்டி இன்னும் பதினஞ்சு நாளைக்கு இங்கதான் இருக்கும். பதினாறாம் நாள் வந்து எடுத்துக்கங்க. அம்மா தண்ணி கலக்கி வைப்பாங்க.”

“அனுப்புங்க,” என்றாள் ஃபெலிசியா.

அனுப்பினான். பதிலுக்கு முதலில் வந்தது தேன்மொழியின் கட்டை விரல். அதற்குப் பிறகு இன்னும் ஆறு கட்டை விரல்கள் வந்தன.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஃபெலிசியா குளித்து, ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வரக்கூடிய பழைய துணிகளாகப் பார்த்து ஒரு பையில் எடுத்து வைத்தாள். செலினை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில், காதுக்குப் பின்னால், உள்ளங்காலில் முத்தம் கொடுத்தாள். செலினுக்கு ஒரே கிச்சுக்கிச்சு, கெக்கலித்துச் சிரித்தாள். பிறகு குழந்தையை மாமியாரின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு வந்தாள். பார்த்தால் போகமாட்டோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கார் பின்னால் நகர்ந்து தெருவுக்கு வந்தபோது உள்ளே அழுகை தொடங்கியது. சாதாரண அழுகை இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு வீடே அதிர அழுகிற அழுகை. கால்வினின் கால் பிரேக்குக்குப் போனது.

“போய் ஒரு தடவை தூக்கிட்டு வரியா?”

“வேணாம். நிறுத்துங்க, ஆனா இறங்க மாட்டேன்,” என்றாள் ஃபெலிசியா. கண்ணாடியை இறக்கினாள்.

அழுகை ஏறியது. இன்பராணி தாலாட்டுப் பாடினாள். அழுகை இன்னும் ஏறியது. கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது, அதற்கும் அடங்கவில்லை. ஃபெலிசியா கதவின் பிடியைப் பற்றியிருந்த கையை மடியில் வைத்து மறுகையால் இறுக்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று.

திடீரென்று அழுகை நின்றது. தேம்பல் கூட இல்லை.

அது எப்படி நின்றது என்று அவளுக்குத் தெரியும். வாயில் பால் பட்டால்தான் செலின் அப்படி நிறுத்துவாள். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்காமல் சிரித்தாள்.

“குடிக்கிறா,” என்றாள். “வண்டியை எடுங்க.”